மூட்டு வலிக்கும் ஒரு சிட்டை எழுதுவோம்



எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. கணக்கு என்று எத்தனையோ பாடங்களை நம் இதழில் படித்து வருகிறோம். இம்முறை நம் உடம்பைப் பற்றி ஒரு பாடம். நாங்கள் மருத்துவர் அல்லர். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்து, திருக்கோவிலூரில் மல்லாட்டை, புளி, பருப்பு என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். எனவே இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று சொல்ல வரவில்லை. மூட்டு வலி, முதுகு வலி, சதை வலி என்று மருத்துவரிடம் போனால் அவர் என்ன கேட்பார், ஏன் கேட்பார், நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

ஒரு காலைத் தூக்கி உலகளந்த பெருமாள் நிற்கும் ஊர் நம்முடையது. அவர் அளந்து முடித்துவிட்டார். நாமோ காலை முதல் இரவு வரை நின்றபடியே அளந்துகொண்டிருக்கிறோம். கல்லாவில் சம்மணமிட்டு உட்கார்வது, குனிந்து மூட்டை பிரிப்பது, எட்டி மேல் தட்டில் டின் எடுப்பது, ஷட்டர் தூக்குவது என்று நம் தொழிலே மூட்டுகளின் மேல்தான் நடக்கிறது. அதனால்தான் வலி வந்தால் "தொழில் வலி" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு ஒருமுறை எங்கள் கிடங்கிலேயே தவறிப்போனது.

எங்கள் கிடங்கில் நடந்தது

பதினைந்து ஆண்டுகளாக எங்களிடம் மூட்டை தூக்கியவர் ஒருவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு சித்திரை மாதம், "முதலாளி, இடுப்பு வலிக்குது" என்றார். "மூட்டை தூக்குறவனுக்கு இடுப்பு வலிக்காம வேற என்னப்பா வலிக்கும்?" என்று சிரித்துவிட்டு, கல்லாப் பெட்டியில் கிடந்த வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தோம். வலி குறைந்தது, திரும்ப வந்தது. திரும்பவும் கொடுத்தோம். இடையில் ஒருநாள் மருத்துவரிடமும் அழைத்துப் போனோம். கூட்டமான நேரம். "மூட்டை தூக்குறவர், இடுப்பு வலி" என்று அவருக்கு முந்திக்கொண்டு நாங்களே சொன்னோம். அதற்கேற்ற மருந்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆவணியில் லாரிப் பலகையில் ஏறும்போது அவருடைய கால் தடுமாறியது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் முதுகைத் தொடுவதற்கு முன் அவர் மனைவியிடம் கேட்டார்: "சாயங்காலத்தில காய்ச்சல் அடிக்குதாம்மா? இளைச்சிருக்காரா?" அந்த அம்மா சொன்ன பதில் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "ஆமாங்க. ரெண்டு தடவை அரைஞாண் கயிறை இறுக்கிக் கட்டியிருக்கேன்."

அது மூட்டை தூக்கிய வலி அல்ல. முதுகெலும்பில் காசநோய். நான்கு மாதமாக மாலைக் காய்ச்சலும் இளைப்பும் இருந்தும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் வலி வேறு, காய்ச்சல் வேறு என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். கல்லாப் பெட்டியிலிருந்து நாங்கள் கொடுத்த மாத்திரை அந்தக் காய்ச்சலையும் சேர்த்து மறைத்தது.

மருத்துவர் ஏன் இவ்வளவு கேட்கிறார்?

"ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா, எதற்கு இத்தனை கேள்வி?" என்று நினைப்பவர்கள் உண்டு. 1975-இல் இங்கிலாந்தில் புற நோயாளிகளாக வந்த 80 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 66 பேருக்கு, நோய் இன்னது என்பது அவர்கள் சொன்ன வரலாற்றிலிருந்தே சரியாகத் தெரிந்துவிட்டது. உடலைச் சோதித்ததும் ஆய்வுக்கூடமும் முடிவை மாற்றியது மிகச் சிலருக்கே. மூட்டு நோய்களில் இது இன்னும் பொருந்தும். வயதான எவருடைய முழங்காலைப் படம் எடுத்தாலும் ஏதேனும் தேய்மானம் தெரியும். இன்றைய வலிக்கு அதுதான் காரணமா என்பதைப் படம் சொல்லாது.

இத்தாலியைச் சேர்ந்த ராமசினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் எழுதினார். மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய செய்தி. நல்ல கேள்விதான். ஆனால் தொழிலைச் சொன்னதோடு வரலாறு முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்பதை எங்கள் கிடங்கில் கற்றுக்கொண்டோம்.

கடையில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதுகிறோம். சிட்டை இல்லாமல் ஆடிட்டரிடம் போய் "ஏதோ நட்டம்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? "உடம்பெல்லாம் வலி" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கும் அதே நிலைதான். ஆகவே வலிக்கும் ஒரு சிட்டை வேண்டும். அதில் வர வேண்டிய பதிவுகள் ஒன்பது.

1. இடம்

ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். தமிழில் கால் என்றால் பாதமும் கால், தொடை முதல் முழுவதும் கால். கை என்றாலும் அப்படியே. "இடுப்பு வலி" என்று ஒருவர் முதுகின் அடிப்பகுதியைச் சொல்வார். இன்னொருவர் தொடை சேரும் மூட்டைச் சொல்வார். இரண்டும் வேறு நோய்கள். வலி மூட்டிலா, இரு மூட்டுகளுக்கு நடுவே சதையிலா, ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்துக்கு ஓடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை ஓடும் வலி நரம்பு அழுத்தமாக இருக்கலாம். தொடைச் சந்தில் உள்ள நோய் முழங்கால் வலியாகத் தெரிவதும் உண்டு.

2. எத்தனை மூட்டு

ஒன்றா, இரண்டு மூன்றா, பலவா? இரு பக்கமும் ஒரே மாதிரியா? இரவில் நன்றாகப் படுத்தவருக்கு விடியற்காலையில் கால் கட்டைவிரல் அடிமூட்டு மட்டும் சிவந்து, போர்வை பட்டாலே தாங்காமல் போனால் மருத்துவர் யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோயை நினைப்பார். இரு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டுகளும் ஒருசேர வீங்கினால், பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதத்தை நினைப்பார். இது பெண்களிடம் அதிகம். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் விரல்கள் கோணாமல் காக்க முடியும். எனவே வீட்டிலுள்ள பெண்கள் "விரல் மடங்கவில்லை" என்றால் பாத்திரம் தேய்த்த வலி என்று தள்ளாதீர்கள்.

3. தொடக்கம்

தேதி நினைவில்லை என்றால் பொங்கலுக்கு முன்னா பின்னா, தீபாவளிச் சரக்கு இறக்கும்போதா என்று யோசியுங்கள். ஒரே நாளில் வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா, விழுந்த பிறகா, காய்ச்சலுக்குப் பிறகா? சிக்குன்குனியா ஆப்பிரிக்காவின் தங்கனீக்காவில் 1952-இல் அடையாளம் காணப்பட்ட நோய். வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் அந்நாட்டு மொழிச் சொல்லே அதன் பெயர். 1964-இல் சென்னைக்கு வந்தது. பல்லாண்டுகள் அடங்கியிருந்து 2006-இல் நாட்டில் மீண்டும் பரவியபோது 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருக்கலாம் எனப் பதிவானது. காய்ச்சல் சில நாளில் போனாலும் மூட்டு வலி மாதக்கணக்கில் நின்றவர்கள் பலர். "வலிக்கு முன் காய்ச்சல் இருந்தது" என்ற ஒரு வரி மருத்துவருக்கு வழி காட்டும். ஆறு வாரத்தைத் தாண்டிய வீக்கத்தை அவர் வேறு விதமாக ஆராய்வார். ஆகவே எத்தனை நாள் என்பது முக்கியம்.

4. நேரம்

ஒன்பதில் மிகவும் பயன் தருவது இது. காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பாக இருக்கிறதா? எத்தனை நிமிடம்? ஐந்து பத்து நிமிடத்தில் சரியாகி, வேலை செய்யச் செய்ய வலி கூடி, உட்கார்ந்தால் குறைந்தால் அது பெரும்பாலும் தேய்மான வலி. அரை மணி, ஒரு மணிக்கு மேல் விறைப்பு நின்று, நடமாடிய பிறகே இலகுவானால் அது அழற்சி வகை. கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். எழுந்தது ஐந்தரை, விரல் மடங்கிச் சாவி திருப்ப முடிந்தது ஏழு மணி என்றால் அது ஒன்றரை மணி நேர விறைப்பு.

முதுகு வலியிலும் இதே கணக்குதான். நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நின்று, பின்னிரவில் எழுப்பிவிட்டு, எழுந்து நடந்தால் குறையும் முதுகு வலி மூட்டை தூக்கும் வலி போன்றது அல்ல. கடைப் பையன்களுக்கு இப்படி இருந்தால் "சோம்பல்" என்று திட்டாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

5. வீக்கம்

வலி வேறு, வீக்கம் வேறு. மோதிரம் கழலவில்லையா, செருப்பு வார் இறுக்குகிறதா, மூட்டு சூடாக அல்லது சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் வீக்கம் வடிந்திருக்கலாம். வீங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் அதுவும் ஒரு ரசீது.

6. வலியா, பலமின்மையா

"கை தூக்க முடியவில்லை" என்பதில் இரண்டு பொருள் உண்டு. வலியால் தூக்க முடியவில்லையா? வலியே இல்லாமல் பலமில்லாமல் போனதா? மேல் தட்டு டின்னை எடுக்கவோ தலை வாரவோ முடியாமல், தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமல் போனால் அது சதை நோயாக இருக்கலாம். 1992-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் இதற்கென மூன்றே கேள்விகளை வகுத்தார்கள். மூட்டிலோ சதையிலோ முதுகிலோ வலியோ விறைப்போ உண்டா? சிரமமில்லாமல் தானே உடை உடுத்த முடிகிறதா? சிரமமின்றிப் படி ஏறி இறங்க முடிகிறதா? வீட்டிலுள்ள பெரியவர்களிடம் மாதம் ஒருமுறை இதைக் கேட்கலாம். செலவில்லாத சோதனை.

7. கூட வந்தவை

காய்ச்சல், இளைப்பு, பசியின்மை, இரவு வியர்வை. தோலில் செதில், கண் சிவப்பு, வாய்ப்புண். சில வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கு, சிறுநீர்க் கடுப்பு. "மூட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தொடர்பு உண்டா இல்லையா என்று பார்ப்பது மருத்துவர் வேலை. வெட்கப்படாமல் சொல்வது நம் வேலை. அரைஞாண் கயிறு தளர்ந்ததும், வேட்டி நழுவியதும், பழைய சட்டை தொளதொளத்ததும் எடைக்கல் இல்லாத எடைக் கணக்கு.

8. மருந்து

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சிலருக்குச் சதை வலி தரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிக்குத் தோள்பட்டை இறுகிப் போவது சாதாரணம். லேகியம், சூரணம், எண்ணெய், பெயர் தெரியாத பொட்டல மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு, குடல் புண் இருந்தால் மருந்து எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மது, புகையிலைப் பழக்கமும் இந்தப் பதிவில் சேரும். பொய்க் கணக்கு எழுதினால் இங்கே நட்டம் நமக்கே.

9. தொழிலும் குடும்பமும்

"கடை வைத்திருக்கிறேன்" என்றால் போதாது. எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், எந்தத் தோளில், எந்தக் கையால் அள்ளுகிறீர்கள் என்று சொல்லுங்கள். விடுமுறையில் வலி குறைகிறதா என்பதும் ஒரு தடயம். பெற்றோர், உடன்பிறந்தோருக்கு முடக்குவாதம், செதில் தோல் நோய், கவுட் இருந்தால் அதையும், வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

சிட்டை எழுத நேரமில்லாதவை

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே புறப்பட வேண்டும்.

ஒரே மூட்டு திடீரென வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

முதுகு வலியோடு கால் பலமிழந்தால், உட்காரும் இடம் மதமதத்தால், சிறுநீர் நின்றாலோ தானாகப் போனாலோ நரம்பு நசுங்குகிறது என்று பொருள்.

வயதானவர் விழுந்து, காலை ஊன்ற முடியாமல் போனால் எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது.

தோள், இடக்கை, தாடை வலியோடு வியர்வையும் மூச்சு முட்டலும் வந்தால் அது மூட்டு அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

மாதிரிச் சிட்டை

அரைத்தாள் போதும். இப்படி எழுதலாம்:

வயது 52. மளிகைக் கடை, 30 ஆண்டு. தினம் 10 மணி நேரம் நிற்பது; 25 கிலோ சிப்பம் தூக்குவது.
வலி: இரு கை விரல் கணுக்கள், இரு மணிக்கட்டு.
தொடக்கம்: பொங்கலுக்குப் பின், மெல்ல மெல்ல. இப்போது 3 மாதம்.
காலை விறைப்பு: ஒன்றரை மணி நேரம்.
வீக்கம்: உண்டு. மோதிரம் கழலவில்லை.
முடியாதது: பொட்டலம் கட்ட, பொத்தான் போட, பூட்டுத் திறக்க.
காய்ச்சல் இல்லை. எடை 2 கிலோ குறைவு.
மருந்து: சர்க்கரை மாத்திரை, வலி மாத்திரை வாரம் நான்கு. அட்டைகள் பையில்.
குடும்பம்: அக்காவுக்கு முடக்குவாதம்.
அச்சம்: கடையைத் தொடர்ந்து நடத்த முடியுமா?

கடைசி வரியை வேண்டாம் என்று அடித்துவிடாதீர்கள். நம் அச்சம் இன்னதென்று தெரிந்தால்தான் மருத்துவரும் அதற்கு ஒரு பதில் சொல்ல முடியும். "எனக்கு வாயு" என்று நோயின் பெயரை நாமே சொல்லக் கூடாது. குடைகிறதா, குத்துகிறதா, எரிகிறதா, மதமதக்கிறதா என்று உள்ளதைச் சொன்னால் போதும். வீட்டார் ஒருவரை அழைத்துப் போங்கள். நாம் கவனிக்காததை அவர்கள் கவனித்திருப்பார்கள். ஆனால் நாங்கள் செய்தது போல நோயாளிக்கு முந்திக்கொண்டு யாரும் பேச வேண்டாம். நம் பகுதி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். மேல் சிகிச்சை தேவையானால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இந்நோய்களுக்கென்றே தனித் துறைகள் உள்ளன. அங்கெல்லாம் கூட்டம் அதிகம். கையில் சிட்டை இருந்தால் கிடைக்கும் சில நிமிடமும் வீணாகாது.

வணிகர் கடமை இரண்டு

முதலாவது: வலி மாத்திரைகளைக் கடையில் வைத்து விற்காதீர்கள். டைக்ளோஃபினாக் போன்றவற்றை மருந்துக்கடை உரிமமின்றி விற்பது சட்டத்துக்குப் புறம்பு. தொடர்ந்து தின்றால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயைச் சில மாதம் மறைத்து வைக்கும். நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும் இதுதான் நடக்கும். நாங்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தோம்.

இரண்டாவது: நம்மிடம் மூட்டை தூக்குபவரின் முதுகும் நம் பொறுப்பு. ஓர் ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. நாம் தொழிலுக்கு வந்த காலத்தில் 100 கிலோ சர்க்கரை மூட்டையை ஒரே ஆள் முதுகில் ஏற்றினோம். இப்போது சிறு மூட்டைகள் வந்திருப்பது நல்லதே. தள்ளுவண்டி ஒன்று வாங்கிப் போடுவதும் நல்லதே. அத்தோடு, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் "எத்தனை நாளா? காய்ச்சல் உண்டா? இளைச்சிருக்கியா?" என்ற மூன்று கேள்விகளையாவது கேட்போம்.

எங்கள் கிடங்குக்காரர் ஓராண்டு மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். அரசு அதை இலவசமாகத்தான் தருகிறது. முதுகெலும்புக் காசநோயைப் பலருக்கு அறுவை இல்லாமல் மருந்தாலேயே குணமாக்கலாம் என்று காட்டிய ஆய்வுகளில் சென்னையில் நடந்ததும் ஒன்று என்று பிறகு அறிந்தோம். ஆனால் அவருடைய இடது பாதம் இன்னும் சற்று இழுக்கிறது. மூட்டை தூக்குவதில்லை. எங்கள் எடை மேடை அருகில் உட்கார்ந்து சரக்குச் சிட்டை எழுதுகிறார். நான்கு மாதம் முன்னதாகக் கேட்டிருந்தால் அந்தப் பாதம் இழுக்காமலே இருந்திருக்கலாம். அவர் நடந்து வரும்போதெல்லாம் எங்களுக்கு அந்த நினைவு வருகிறது. அதனால்தான் இதை எழுதினோம்.

இன்றிரவு கடைக் கணக்கை முடித்ததும், ஒரு அரைத்தாளை எடுத்து உங்கள் வலிக் கணக்கையும் எழுதி வையுங்கள்.